கவுன்சிலரைக் கூப்பிட்டால் ஆள் வரமாட்டார்: ஓஹாயோவில் நகரச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி

பக்கத்து வீட்டு சம்ப் பம்பின் குழாய் எங்கள் வேலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அது வாடகை வீடு. உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை பம்ப் வெளியே தள்ளும். அது வேலியோரமாக ஓடிவந்து நடைபாதையில் தேங்கும். ஓஹாயோவின் ஜனவரிக் குளிரில் நடைபாதையில் தேங்கும் தண்ணீர் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒருநாள் காலை அதில் சறுக்கி, தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். உள்ளே வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்: "ஏம்மா, இங்கே வார்டு கவுன்சிலர்னு யாரும் கிடையாதா? ஒரு வார்த்தை சொன்னா ஆளை அனுப்ப மாட்டாரா?"

இருக்கிறார். நானும் அவரைத்தான் கூப்பிட்டேன். அதில் ஏழு வாரம் போயிற்று.

அந்த ஏழு வாரத்திலும் அதற்குப் பிறகு நானே குற்றம் சாட்டப்பட்ட ஒரு விவகாரத்திலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஓஹாயோ புறநகரில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு நேரடியாக உதவும். வேறு மாநிலத்தில் இருந்தால் பெயர்களும் நாள் கணக்கும் மாறும், ஏற்பாடு ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆர்டினன்ஸ் என்றதும் நமக்கு நினைவு வருவது அவசரச் சட்டம். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிப்பது. 2017 ஜல்லிக்கட்டுக்குக் கொண்டுவந்தார்களே, அது. அமெரிக்க நகரத்தில் ஆர்டினன்ஸ் என்பது இதற்கு நேர் எதிர். கவுன்சில் கூடி, வாசித்து, ஓட்டுப் போட்டு இயற்றுகிற சாதாரண நகரச் சட்டம் அது. ஓஹாயோவின் பொது விதிப்படி ஒரு ஆர்டினன்ஸை மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று முறை வாசிக்க வேண்டும். வாசிப்பைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால் கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். ஆனால் இங்கேயும் 'எமர்ஜென்சி' என்ற ஒட்டு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு, காரணத்தையும் எழுதி, அந்த ஒட்டைச் சேர்த்துவிட்டால் சட்டம் உடனே அமலுக்கு வரும். வழக்கமான 30 நாள் காத்திருப்பு இல்லை, மக்கள் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு கேட்கவும் முடியாது. கூட்ட நிரலில் அந்தச் சொல்லைக் கண்டால் நான் இரண்டு முறை படிப்பேன். நெருப்பு வண்டி வாங்குவதற்கு எமர்ஜென்சி போடுவது புரிகிறது. எல்லாவற்றுக்கும் போட்டால் புரியவில்லை.

சரி, குழாய்க்கு வருவோம்.

யாரிடம் கேட்பது

நான் செய்த தவறு ஊர்ப் பழக்கத்தில் வந்தது. அங்கே தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் சாக்கடை அடைத்தாலும் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்போம். அவர் ஒரு போன் போட்டால் ஆள் வருவார், அல்லது வரமாட்டார். இங்கே என் கவுன்சிலர் மரியாதையாகப் பதில் போட்டார்: "அலுவலர்களுக்குத் தெரியப்படுத்துகிறேன்." இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன், அதே பதில். இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். அப்போதுதான் மனிதர் உடைத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு 'அந்த வீட்டுக்குப் போ' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. சொன்னால் சட்டமீறல் செய்தவர் அவராகிவிடுவார்.

எங்கள் ஊர் கவுன்சில்–மேனேஜர் முறையில் நடக்கிறது. கவுன்சில் சட்டம் போடும், பட்ஜெட் போடும், ஒரு மேனேஜரைச் சம்பளத்துக்கு நியமிக்கும். இன்ஸ்பெக்டர், இன்ஜினியர் எல்லோரும் மேனேஜரின் கீழ். கவுன்சிலர்கள் அலுவலர்களுக்கு நேரடி உத்தரவு போடக் கூடாது, எது பேசினாலும் மேனேஜர் மூலம்தான் என்று நகர சார்ட்டரில், அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டத்தில், ஒரு பிரிவு இருக்கும். இந்த முறையில் உள்ள பெரும்பாலான சார்ட்டர்களில் அதைப் பார்க்கலாம். சில ஊர்களில் மீறினால் கவுன்சிலர் பதவியே பறிபோகும்.

இந்த முறைக்குப் பெரிய அளவில் பெயர் வாங்கித் தந்ததே ஓஹாயோதான். 1913 மார்ச் மாதம் பெரு வெள்ளத்தில் டேட்டன் நகரம் மூழ்கியது. அதே ஆண்டு அந்த ஊர் மக்கள் புதிய சார்ட்டரை ஏற்றுக்கொண்டார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி வெய்ட் என்ற இன்ஜினியர் நகர மேனேஜராகப் பொறுப்பேற்றார். அதற்கு வழிவிட்டது, நகரங்கள் தங்களுக்கென்று சார்ட்டர் எழுதிக்கொள்ளலாம் என்று 1912-இல் மாநில அரசியலமைப்பில் செய்த திருத்தம். அதனால் ஓஹாயோவில் ஊருக்கு ஊர் ஏற்பாடு வேறு. சார்ட்டர் இல்லாத நகரத்தில் மேயர் தனியாகத் தேர்தலில் ஜெயித்து வந்த நிர்வாகத் தலைவர். கவுன்சில் போட்ட சட்டத்தை அவர் நிராகரிக்கலாம், கவுன்சில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அதையும் மீறி நிறைவேற்றலாம். எங்கள் ஊர் போன்ற இடத்தில் மேயர் என்பவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஒரு கவுன்சில் உறுப்பினர், அவ்வளவுதான். ரிப்பன் வெட்டுவார். இன்ஸ்பெக்டரை அனுப்ப மாட்டார்.

ஆகவே முதல் வேலை: உங்கள் நகரத்தின் சார்ட்டரை இணையத்தில் தேடி எடுங்கள். முழுவதும் படிக்க வேண்டாம். 'மேயர்', 'மேனேஜர்', 'கவுன்சில்' என்ற மூன்று தலைப்பை மட்டும் படித்தால் போதும், அரை மணி நேர வேலை. சட்டம் போடுபவர் யார், அதை அமல்படுத்துபவர் யார், மீறினால் தீர்ப்பு சொல்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாஷிங்டனில் இருக்கும் அதிகாரப் பிரிவினையை அப்படியே நகரத்தில் எதிர்பார்க்காதீர்கள். மேனேஜர் முறையில் நிர்வாகத்தை நியமிப்பதும் நீக்குவதும் கவுன்சிலேதான். இருவருக்கும் நடுவே உள்ள சுவர் கொஞ்சம் தாழ்வானது. ஆனால் சுவர் உண்டு.

இப்படி ஒரு தடை எதற்கு என்று எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. என் விவகாரம் வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தின் வாசகத்தை எடுங்கள்

இரண்டாவது வேலை, எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று கண்டுபிடிப்பது. நகரத்தின் எல்லா ஆர்டினன்ஸ்களையும் அத்தியாயம் பிரித்துத் தொகுத்து இணையத்தில் வைத்திருப்பார்கள். நான் முதலில் 'சம்ப் பம்ப்' என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. 'நிலத்தடி நீர்', 'வெளியேற்றம்', 'நடைபாதை' என்று மாற்றி மாற்றித் தேடியதில் கிடைத்தது. சட்டம் எழுதுபவர்கள் நாம் வீட்டில் பேசும் சொல்லில் எழுதுவதில்லை.

கிடைத்த பிரிவில் மூன்று இடத்தைப் பாருங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் தந்திருப்பார்கள். அதில் 'நடைபாதை' என்றால் எதுவரை என்று இருந்தது. எங்கள் வேலிக்கும் தெருவுக்கும் நடுவே உள்ள புல் பட்டையும் பொது இடத்தில்தான் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து, கட்டளை வாக்கியம். 'ஷல்' என்று இருந்தால் கட்டாயம், 'மே' என்று இருந்தால் அதிகாரியின் விருப்பம். இந்த ஒரு சொல்லில்தான் பாதி வழக்கு கிடக்கிறது. நம் பக்கம் 'ஷல் நாட்' இருந்தால் மகிழ்ச்சி. கடைசியாக, யார் அமல்படுத்துவது, மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் வரி. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற 'சோனிங்' விதிகளைப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பிரிவின் கடைசி வரியில் 'நகர இன்ஜினியர்' என்று போட்டிருந்தது! சோனிங் ஆபீசில் இருந்த பெண் என் மின்னஞ்சல்களைப் பத்திரமாக வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அது அவர் வேலையே இல்லை.

புகார் எழுதும் விதம்

போனில் சொல்லாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், சுருக்கமாக. இன்ஜினியருக்கு நான் அனுப்பியது கிட்டத்தட்ட இதுதான்:

"இந்த முகவரியில் உள்ள வீட்டின் சம்ப் பம்ப் குழாய் பொது நடைபாதையை நோக்கி நீரை வெளியேற்றுகிறது. ஜனவரி 9, 14, 22 தேதிகளில் காலை 7 மணிக்கு எடுத்த படங்கள் இணைப்பில். மூன்றிலும் நடைபாதையின் முழு அகலத்துக்கும் பனிக்கட்டி உள்ளது. இது நகரச் சட்டத்தின் இந்தப் பிரிவுக்கு முரணானது என்று கருதுகிறேன். பார்வையிடும் தேதியையும் புகார் எண்ணையும் தெரிவிக்கக் கோருகிறேன்."

முதல் வரைவில், உரிமையாளர் பொறுப்பில்லாதவர், வாடகைக்கு இருப்பவர்கள் இரவில் சத்தம் போடுகிறார்கள், மாமியார் விழப்போனார் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, "இன்ஜினியர் இதில் எதை அளப்பார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அளக்க முடியாததை எல்லாம் அடித்துவிட்டேன். மாமியாருக்கு அதில் வருத்தம்தான்.

புகார் எண்ணை மறக்காமல் கேளுங்கள். அது இருந்தால் பிறகு பொது ஆவணங்கள் கேட்பது எளிது. ஓஹாயோவின் பொது ஆவணச் சட்டப்படி, ஆவணம் கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. 'இந்த எண்ணுக்கான பார்வைக் குறிப்பும் அனுப்பிய கடிதங்களும் வேண்டும்' என்று எழுதினால் போதும். இதற்கு மறுபக்கமும் உண்டு: உங்கள் புகாரும் பொது ஆவணமாக வெளியே வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் படித்தாலும் வெட்கப்படாத மொழியில் எழுதுங்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபின்

வந்தவர் நடைபாதையில் நின்றே படம் எடுத்தார், குழாயின் திசையைக் குறித்தார், போய்விட்டார். உள்ளே ஏன் போகவில்லை என்று மாமியார் ஜன்னலோரம் நின்று கேட்டார். போக முடியாது. வீட்டில் இருப்பவர் சம்மதிக்காவிட்டால் வாரன்ட் வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வாடகைக்காரர் வீட்டு இன்ஸ்பெக்டரை உள்ளே விட மறுத்த கமாரா வழக்கில் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அது. தெருவிலிருந்து தெரிவதைப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவை ஒருநாள் தட்டினாலும் இதே விதிதான். மரியாதையாக 'வாரன்ட் இருக்கிறதா' என்று கேட்பது குற்றமில்லை.

அதன்பின் மீறல் நோட்டீஸ் போகும்: எந்தப் பிரிவு, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று. பெரும்பாலான விவகாரம் இங்கேயே முடிந்துவிடும். எங்கள் குழாய் ஒன்பதாவது நாள் திரும்பியது. யாரோ ஒரு பிளம்பர் வந்து இருபது நிமிடத்தில் குழாயைப் பின்பக்கம் நீட்டிவிட்டுப் போனார். ஏழு வாரம், இருபது நிமிடம்.

முடியாவிட்டால் வழக்கு. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் நகரத்தின் லா டைரக்டருக்குப் பங்கு உண்டு. அவர் நகரத்தின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை. அவரிடம் போய் 'எனக்கு என்ன செய்யலாம்' என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்தக் கட்டத்தில் அதிகாரிகளுக்கு நிறைய விருப்புரிமை இருக்கிறது. புல் உயரமாக வளர்ந்த எல்லா வீட்டுக்கும் சம்மன் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் வேண்டாம். ஆனால் அந்த விருப்புரிமைக்கு ஒரு எல்லை உண்டு. அதை வகுத்தது ஒரு சலவைக் கடை. 1880-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு ஆர்டினன்ஸ் போட்டது: மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். தீ பயம், நியாயமான விதி. அங்கே இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் 310 மரக் கட்டடங்கள். விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேர். ஒருவருக்கும் அனுமதி இல்லை. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர். ஏறக்குறைய அத்தனை பேருக்கும் அனுமதி. யிக் வோ வழக்கில் 1886-இல் உச்ச நீதிமன்றம், எழுத்தில் சமமாக இருக்கும் சட்டத்தை அதிகாரிகள் ஒருதலையாக அமல்படுத்தினால் அது செல்லாது என்றது. உங்கள் தெருவில் உங்கள் வாசலுக்கு மட்டும் நோட்டீஸ் வருகிறது என்று தோன்றினால், கடந்த ஒரு வருடத்தில் அதே பிரிவில் அனுப்பிய எல்லா நோட்டீஸ்களையும் பொது ஆவணமாகக் கேளுங்கள். சந்தேகம் சரியா என்று பார்க்க வேறு வழி இல்லை. பலமுறை சந்தேகம் தவறாகவும் இருக்கும்.

நீதிபதி நாற்காலியில் யார்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சில ஓஹாயோ ஊர்களில் 'மேயர் கோர்ட்' என்று ஒன்று உண்டு. பெயரே விசித்திரம். மேயரே, அல்லது அவர் நியமிக்கும் மாஜிஸ்ட்ரேட், நகரச் சட்ட மீறலையும் போக்குவரத்து வழக்குகளையும் விசாரிப்பார். மற்ற ஊர்களில் தேர்தலில் வென்ற நீதிபதி அமரும் முனிசிபல் கோர்ட்.

மேயரே அபராதம் போட்டால், அந்தப் பணம் யாருக்குப் போகிறது? மதுவிலக்குக் காலத்தில் எட் டூமி என்பவரைச் சாராயம் வைத்திருந்ததற்காக நார்த் காலேஜ் ஹில் கிராம மேயர் விசாரித்து 100 டாலர் அபராதம் போட்டார். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும் மேயருக்குக் கூலி உண்டு. அந்த வழக்கில் 12 டாலர். 1927-இல் உச்ச நீதிமன்றம் இது நியாயமான விசாரணையே இல்லை என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட்டும் ஓஹாயோக்காரர்தான். சரி, கூலி மேயரின் பைக்குப் போகாமல் கிராமக் கஜானாவுக்குப் போனால்? அதற்கு 1972-இல் 'மன்றோவில்' என்ற ஓஹாயோ கிராமத்தின் வழக்கு. அந்தக் கிராமத்தின் வருமானத்தில் பெரும்பகுதி மேயர் கோர்ட் அபராதத்திலிருந்து வந்தது. கிராமத்தின் செலவுக்குப் பொறுப்பான மேயரே தீர்ப்பும் சொன்னார். அதுவும் கூடாது என்றது நீதிமன்றம்.

உங்களுக்கு நடைமுறையில் என்ன? மேயர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், அங்கே அமர்வது மேயரா மாஜிஸ்ட்ரேட்டா என்று கேளுங்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முனிசிபல் கோர்ட்டிலோ கவுன்டி கோர்ட்டிலோ முதலிலிருந்து புதிதாக விசாரிப்பார்கள். பத்து என்றால் பத்துதான். அபராதத் தொகை பொதுவாகச் சிறியது. ஓஹாயோவில் சிறு குற்றங்களில் 'மைனர் மிஸ்டிமீனர்' என்ற கடைசிப் படிக்கு உச்சம் 150 டாலர், சிறை கிடையாது. அதற்கு மேல் உள்ள நான்காம் படியில் 250 டாலரும் 30 நாள் வரை சிறையும் உண்டு. ஆனால் பல பிரிவுகளில் 'ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். 150-ஐ 40 நாளால் பெருக்கிப் பாருங்கள்.

நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வந்தால்

குழாய் விவகாரம் முடிந்து இரண்டு கோடைக்குப் பிறகு, ஜூலை மாதம், எங்கள் கதவில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. முன்பக்கம் வெயில் நன்றாக விழும் என்று சுரைக்காய்ப் பந்தல் போட்டிருந்தேன். ஏழடி உயரம், நான்கு கால், மேலே கம்பி வலை. கொடி ஏறி, பிஞ்சும் விட்டிருந்தது. நகரத்தின் கண்ணுக்கு அது 'முன் முற்றத்தில் அனுமதியின்றி எழுப்பிய துணைக் கட்டுமானம்'. சுரைக்காய் என்ற சொல் நோட்டீஸில் எங்கும் இல்லை.

எனக்கு அடுத்த நொடி தோன்றியது என்ன தெரியுமா? கவுன்சிலரைக் கூப்பிடலாமா. இத்தனையும் கற்றபின்பும்! போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். அவர் இன்ஸ்பெக்டரிடம் 'அந்த அம்மாவை விட்டுவிடு' என்று சொல்ல முடிந்தால், என் மேல் கோபமுள்ள யாரோ ஒருவரின் பேச்சைக் கேட்டு 'அந்த அம்மாவை விடாதே' என்றும் சொல்ல முடியும். சார்ட்டரின் அந்தப் பிரிவு இரண்டையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

போக வேண்டிய இடம் சோனிங் மேல்முறையீட்டுக் குழு. இன்ஸ்பெக்டரின் முடிவு தவறு என்று வாதாடலாம்; அல்லது விதியிலிருந்து விலக்கு கேட்கலாம், அதற்கு 'வேரியன்ஸ்' என்று பெயர். சோனிங் என்பதே செல்லுமா என்ற கேள்விக்குப் பதில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் உள்ள யூக்ளிட் கிராமத்தில் பிறந்தது. 1922-இல் அந்தக் கிராமம் போட்ட ஆர்டினன்ஸை 1926-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது, அதற்குப் பிறகு நாடு முழுவதும் அந்த வழி. ஆகவே 'என் நிலத்தில் நான் என்ன செய்தால் உனக்கென்ன' என்று குழுவின் முன் நின்று பேசிப் பயனில்லை. நூறு வருடத்துக்கு முன்பே தோற்ற வாதம் அது.

எது எடுபடும்? உயரம், தூரம் போன்ற அளவு விலக்குக்கு ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 1986-இல் டங்கன் வழக்கில் சில அளவுகோல்களைத் தந்திருக்கிறது. விதியை அப்படியே பின்பற்றினால் உங்களுக்கு நடைமுறைச் சிரமம் உண்டா, விலக்கு எவ்வளவு பெரியது, அக்கம்பக்கத்தின் தன்மை மாறுமா, வேறு வழியில் தீர்க்க முடியுமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி பதில் எழுதி, படமும் அளவு போட்ட வரைபடமும் கொண்டுபோங்கள். குழு நீதிமன்றம் மாதிரி நடக்கும்: சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். முன்கூட்டியே குழு உறுப்பினரைக் கோயிலிலோ கடையிலோ பார்த்து 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் உங்கள் வழக்கைத்தான் அது கெடுக்கும். தோற்றால் முடிவு வந்த 30 நாளுக்குள் காமன் ப்ளீஸ் கோர்ட் எனப்படும் கவுன்டியின் பொது நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பெரும்பாலும் குழுவின் முன் வைத்த ஆதாரத்தை வைத்தே அங்கே தீர்ப்பு சொல்வார்கள். அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் குழுவிலேயே சொல்லிவிடுங்கள்.

குழுவைத் தாண்டி நேரே கோர்ட்டுக்குப் போகலாமே என்பவர்களுக்கு ஒரு பாட்டி கதை. ஈஸ்ட் கிளீவ்லாந்தில் ஐனெஸ் மூர் என்பவர் தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் வாழ்ந்தார். பேரன்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை, ஒன்றுவிட்டவர்கள். ஒருவன் தாயை இழந்து பாட்டியிடம் வந்தவன். நகரச் சட்டத்தில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு இருந்த விளக்கத்தில் அந்தப் பையன் அடங்கவில்லை. 1973-இல் நோட்டீஸ் வந்தது. அனுப்ப மறுத்த பாட்டிக்கு 5 நாள் சிறை, 25 டாலர் அபராதம். நம் கூட்டுக் குடும்பங்களை அந்த விளக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை வீடு தேறும்! 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் பாட்டி ஜெயித்தார், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். மாற்றுத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி பர்கர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: இவர் முதலில் நகரக் குழுவிடம் விலக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவே இல்லை. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் பேரன் போயிருப்பான். விண்ணப்பப் படிவம் எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

நான் போட்டேன். தோற்றேன். 'வேறு வழியில் தீர்க்க முடியுமா' என்ற கேள்வியில் மாட்டினேன். பின்பக்கமும் வெயில் விழுகிறது என்று என் படமே காட்டியது. குழு ஒரு சலுகை செய்தது: அந்தப் பருவத்துக் காய்ப்பு முடியும்வரை, அக்டோபர் 15 வரை, பந்தல் இருக்கலாம் என்று. ஒரு உறுப்பினர் காய் எப்படி இருக்கும் என்று கேட்டார். விசாரணை முடிந்தபிறகுதான் கேட்டார், நானும் படத்தோடு நிறுத்திக்கொண்டேன். காயைக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

விதியே சரியில்லை என்றால்

இங்கேதான் கவுன்சிலர் வருகிறார். ஒரு வீட்டுக்கு விலக்கு என்பது குழுவின் வேலை. விதியை எல்லோருக்கும் மாற்றுவது கவுன்சிலின் வேலை. இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 1968-இல் ஃபேர்வியூ பார்க் வழக்கில் எளிமையான சோதனை தந்தது: புதிதாகச் சட்டம் இயற்றுகிறதா, ஏற்கெனவே உள்ள சட்டத்தை நிறைவேற்றுகிறதா? முதலாவதன் மேல்தான் மக்கள் வாக்கெடுப்பு கேட்கலாம். யாரிடம் என்ன கேட்பது என்று குழப்பம் வந்தால் நானும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பதிலிலேயே கவுன்சிலர் உற்சாகமாக இருந்தார். இது அவர் செய்யக்கூடிய வேலை அல்லவா. அனுமதி தேவையற்ற துணைக் கட்டுமானங்களின் பட்டியலில் 'எட்டடிக்கு மிகாத காய்கறிப் பந்தல்' என்ற நான்கு சொல்லைச் சேர்க்கக் கேட்டேன். வரைவை லா டைரக்டர் எழுதினார், பிளானிங் கமிஷன் பார்த்தது, 'காய்கறி' என்றால் என்ன என்று அரை மணி நேரம் பேசினார்கள். தக்காளி பழமா காயா என்பது வரை போனது.

கவுன்சில் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையைத்தான் ஓஹாயோ சட்டம் தருகிறது, பேசும் உரிமையை அல்ல. பேச விடுவது ஊரின் விதி. எங்கள் ஊரில் மூன்று நிமிடம். மேடையில் சின்ன விளக்கு உண்டு: பச்சை, கடைசி முப்பது நொடிக்கு மஞ்சள், பிறகு சிவப்பு. முதல் வாசிப்பில் ஊர்க் கதையோடு தொடங்கி, பிரிவு எண்ணைச் சொல்வதற்குள் மஞ்சள் விழுந்துவிட்டது. பிரிவு எண்ணில் தொடங்குங்கள்.

இரண்டாவது வாசிப்பு வரும் திங்கட்கிழமை. எட்டடி என்பதை ஏழடியாகக் குறைக்கலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டிருக்கிறார். கொடி என்னவோ அதற்குள் அடங்கிவிடும், ஆனால் பந்தலுக்கு அடியில் குனியாமல் நின்று காய் பறிக்க என் வீட்டுக்காரருக்கு ஏழரை வேண்டும். அளந்து வைத்திருக்கிறேன்.